அமில எண்

மணலியில் இரவு ஷிஃப்ட்.
கெட்டிலுக்குள் ஏழு டன் ஆல்கிட்,
இருநூற்று நாற்பது டிகிரி.
சோயா எண்ணெய், கிளிசரின்,
மூட்டை மூட்டையாய்க் கொட்டிய தாலிக்.
அதன் தூசி கண்ணில் பட்டால் மிளகாய்.

எண்ணெயும் அமிலமும் கைகோர்க்கும்போதெல்லாம்
ஒரு துளி தண்ணீர் கழன்று விழும்.
சைலீன் அதைத் தூக்கிப்போய்
கண்ணாடிக் குழாயில் இறக்கிவிடும்.
வேண்டாத தண்ணீர். அளந்து, எழுதி, கொட்டுவோம்.
எங்கள் தெருவில் அந்நேரம்
லாரிக்கு இடம்பிடித்துக் கிடக்கும்
பெயர் எழுதிய குடங்கள்.
பெயரை எழுதியதும் நாங்கள் காய்ச்சியதுதான்.
நிறம் கேட்டுக் கடைக்கு வருகிறவர் யாரும்
பிசின் கேட்பதில்லை.

என் வேலை சின்னது.
தேசப்பன் கரண்டியில் கொண்டுவருவதை
நிறுத்து, கரைத்து,
பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் காரம் விட்டு
இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்ப்பது.
வந்தால் போதாது.
முப்பது நொடி நிற்க வேண்டும்.
அதற்குள் வெளிறினால் அது பொய்ச் சிவப்பு.

டில்லிபாபுவுக்கு இதெல்லாம் தேவையில்லை.
தகட்டில் ஒரு சொட்டு ஆறவிட்டு
விரலால் தொட்டு இழுப்பான்.
நூல் அறுகிற இடத்தைப் பார்த்து
"பதினொண்ணு இருக்கும் மேடம்" என்பான்.
பத்தே முக்கால் இருக்கும்.

அன்று மூன்று பத்துக்கு வந்த மாதிரியை
மூன்று முப்பத்தைந்துக்குப் பார்த்தேன்.
தூங்கவில்லை.
கண்ணை மூடினேன், அவ்வளவுதான்.

முதலில் மோட்டார் முக்கியது.
பிறகு கலக்கும் தண்டைப் பற்றிக்கொண்டு
பிசின் மேலே ஏறத் தொடங்கியது,
கயிறில்லாமல் பனை ஏறுகிறவன் மாதிரி.
எண்ணெய் ஊற்றினார்கள். சைலீன் ஊற்றினார்கள்.
நசீர் வால்வைத் திறந்து கீழே குனிந்தான்.
ஒரு சொட்டும் இறங்கவில்லை.
"கட்டிக்கிச்சி" என்றான் டில்லிபாபு,
யாரோ இறந்த செய்தியை
அடுத்த வீட்டுக்குச் சொல்கிற குரலில்.

இனி அது உருகாது. கரையாது.
எவ்வளவு சூடேற்றினாலும் கருகத்தான் செய்யும்.
ஏழு டன்னும் சேர்ந்து இப்போது
ஒரே ஒரு மூலக்கூறு.

"கரண்டு போச்சுன்னு எழுதிடு மேடம்.
ஜெனரேட்டர் எடுக்க லேட்டாச்சின்னு.
யார் பாக்கப் போறா."
எழுதினேன். நீல மையில். கையெழுத்தோடு.

இரண்டு நாள் ஆறவிட்டார்கள்.
மூன்றாம் நாள் டில்லிபாபுதான் உள்ளே இறங்கினான்,
உளி, சுத்தியல், சிறிய வோல்ட்டேஜ் விளக்கு.
இடுப்பில் கயிறு.
மேலே மனிதத்துளையின் ஓரம்
கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள்.
லேப் ஆள் எதற்கு என்று சிரித்தார்கள்.
பிடித்தேன்.

ஒரு இழுப்பு என்றால் நன்றாயிருக்கிறேன்.
இரண்டு என்றால் தூக்கு.
நடுவில் அந்த உளிச் சத்தம்,
இரும்புத் தொட்டி முழுக்கச் சுற்றிவந்து
என் பல்லில் முடியும்.
ஒரு முறை நெடுநேரம் எதுவும் வரவில்லை.
நானே இழுத்தேன்.
"பீடி புடிக்க முடியாத எடத்துல
சும்மா ஒக்காந்துனு இருந்தேன்" என்றது குரல்.

வெளியே குவித்த துண்டுகள் தேன் நிறம்.
வெயிலில் பார்க்க அழகாகவே இருந்தன.
ஒன்றுக்குள் விட்டில் பூச்சி,
சிறகு மடங்காமல்.
குப்பை லாரி கொடுங்கையூருக்கு அள்ளிப்போன பின்னும்
ஒரு பெரிய கட்டி மட்டும்
சைக்கிள் ஸ்டாண்டு அருகில் கிடக்கிறது.
ஸ்டாண்டு போடாத வண்டிகளை அதில் சாய்க்கிறார்கள்.
நான் சாய்ப்பதில்லை.

டில்லிபாபு யாரிடமும் சொல்லவில்லை.
என்னிடமும்.
இப்போதெல்லாம் மாதிரியை அவனே கொண்டுவருகிறான்,
வைத்துவிட்டுப் போகாமல்
கதவோரம் நிற்கிறான்.

சிவப்பு விழுகிறது.
இருவரும் பேசாமல் எண்ணுகிறோம்.
இருபத்தெட்டு.
இருபத்தொன்பது.